வேலையை நிறுத்திவிட்டு மீண்டும் மாணவரானவர்

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். முடிவுகள் வெளியான சில நாள்களில் ஒரே கேள்வி என்னிடம் பல வடிவங்களில் வந்து சேரும். பிரிக்பீல்ட்ஸில் நான் நடத்தும் தமிழ் இலக்கிய வகுப்புக்கு வரும் மாணவர்கள் கேட்பார்கள். சில சமயம் அவர்களை அழைத்துப் போக வரும் பெற்றோர் கேட்பார்கள். ஆறாம் படிவத்துக்கோ மெட்ரிகுலேஷனுக்கோ உடனே போகாமல் ஆறு மாதமோ ஓர் ஆண்டோ விலகி நின்று வேறு எதையாவது கற்றுக்கொண்டால் என்ன? பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களும் கேட்கிறார்கள், ஒரு பருவத்தை ஒத்திப்போடலாமா என்று. மாணவர்கள் கேட்கும்போது குரலில் ஆசை இருக்கும். பெற்றோர் கேட்கும்போது அச்சம் இருக்கும். இரண்டுமே நியாயமானவைதான்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கிவிடுவேன். அவர் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகத் தமிழ் மாநாடு என்றதும் சொல்லப்படும் முதல் பெயர் அது: தனிநாயகம் அடிகள். மேடைகளில் அவரைத் தமிழ்த் தூதர் என்று பாராட்டுவார்கள். மாலை போடுவார்கள். ஆனால் அவர் தம் வாழ்க்கையின் நடுவில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வேலையை நிறுத்திவிட்டு, நான்கு ஆண்டுகள் மாணவராகப் போய் உட்கார்ந்தார் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அவருடைய மற்ற எல்லாப் பெருமைகளையும்விட அந்த நான்கு ஆண்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

அவர் 1913 ஆகஸ்டு 2-ஆம் நாள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியான ஊர்காவற்றுறையில் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். சேவியர் என்பது திருமுழுக்குப் பெயர். தனிநாயகம் என்பது முன்னோர் வழி வந்த பெயர். அதை அவர் பிற்காலத்தில் விரும்பி ஏற்றுக்கொண்டார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தார். அந்தக் காலத்து நல்ல பள்ளிகளில் ஆங்கிலமே ஆட்சி செய்தது. கெட்டிக்கார மாணவன் என்றால் ஆங்கிலம் நன்றாகப் பேசுபவன், எழுதுபவன் என்று பொருள். தமிழ் வீட்டில் பேசும் மொழி, அவ்வளவுதான். நம் நாட்டிலும் ஒரு தலைமுறை இப்படித்தான் வளர்ந்தது என்பதை உங்கள் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

குருவாக வேண்டும் என்ற விருப்பத்தில் கொழும்பிலுள்ள குருமடத்தில் சேர்ந்தார். பிறகு 1934-இல் உரோமுக்குப் போய் உர்பன் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தார். 1938-இல் குருவானார். கார்த்தேஜ் நகரின் பழைய திருச்சபைக் குருக்களைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துக்கீசியம் என்று மொழிகள் அவருக்கு ஒவ்வொன்றாகக் கைகூடின. பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து வாழ்ந்த இடம் அது. ஒவ்வொருவரும் தத்தம் மொழியையும் இலக்கியத்தையும் பற்றிப் பேசும் சூழலில், இவரும் தமிழ் தெரிந்த மாணவர்களைக் கூட்டி வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகம் நடத்தினார். அப்போதே மனத்தில் ஏதோ உறுத்தத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

படிப்பு முடிந்து அவர் வந்து சேர்ந்த இடம் தமிழ்நாட்டில் தூத்துக்குடி மறைமாவட்டம். 1940 முதல் 1945 வரை திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் புனித தெரேசா உயர்நிலைப்பள்ளியில் பணியாற்றினார். துணைத் தலைமையாசிரியர் பொறுப்பு. சிற்றூர்ப் பள்ளிதான், ஆனால் உரோமில் படித்த முனைவர், பல மொழி அறிந்தவர் என்றால் ஊரே மதிக்கும். அப்படியே இருந்திருந்தால் சில ஆண்டுகளில் தலைமையாசிரியர், பிறகு ஏதாவது ஒரு கல்லூரியின் முதல்வர் என்று ஏறிக்கொண்டே போயிருக்கலாம். பாதை கண்ணெதிரே நேராகக் கிடந்தது.

ஆனால் அந்தப் பள்ளியில்தான் தம்முடைய தமிழின் அளவு அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. சுற்றியிருந்தவர்கள் தமிழிலேயே வாழ்பவர்கள். அவர்களிடையே நின்று மறையுரை ஆற்றவும் பாடம் சொல்லவும் தம் தமிழ் போதாது என்று கண்டார். வெர்ஜிலையும் தாந்தேயையும் மூலத்திலேயே படிக்கக்கூடிய ஒருவருக்குச் சங்கப் பாடல் ஒன்றைத் தனியாகப் பிரித்துப் பொருள் சொல்லத் தெரியவில்லை என்றால் அந்த வெட்கம் எப்படி இருந்திருக்கும்! வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவது எளிது. ஆங்கிலத்திலேயே பேசிச் சமாளிப்பது அதைவிட எளிது. அவர் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் போய்த் தமிழ் கேட்டார். ஒரு கத்தோலிக்கக் குரு, சைவ மரபில் வந்த ஒரு பண்டிதரிடம், 1940-களின் திருநெல்வேலியில், பாடம் கேட்டார். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சற்று நில்லுங்கள். அன்றைய சூழலில் அது சாதாரணம் அல்ல.

வேலை பார்த்துக்கொண்டே மாலையில் கற்பது ஓர் அளவுக்குத்தான் உதவும். இதை நான் வகுப்பிலேயே பார்க்கிறேன். பகலெல்லாம் வேலை, இரவு எட்டு மணிக்கு வகுப்பு என்று வருபவர்கள் முதல் மூன்று மாதம் நன்றாகப் படிப்பார்கள். பிறகு உடம்பு இடம் கொடுக்காது. இலக்கணத்துக்கும் தொகைநூலுக்கும் தலை முழுவதையும் கொடுக்க வேண்டும். அடிகளாரும் இதை உணர்ந்திருக்கிறார். 1945-இல் பள்ளிப் பணியை விட்டு, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். வயது முப்பத்திரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் ஏற்கெனவே முனைவர் பட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும்.

ஒரு குரு தம் விருப்பப்படி இப்படிப் போய்விட முடியாது; ஆயரின் ஒப்புதல் வேண்டும். அப்போது தூத்துக்குடி ஆயராக இருந்தவர் ரோச் ஆண்டகை. பள்ளிக்கு ஆள் தேவைப்பட்ட நேரத்தில், நன்றாக வேலை செய்யும் ஒருவரை நான்கு ஆண்டுகள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவும் ஏறக்குறைய இப்படிப்பட்டதுதான்.

அந்த நான்கு ஆண்டுகளில் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். முதல் இரண்டு ஆண்டுகள் முதுகலை. அடுத்த இரண்டு ஆண்டுகள் எம்.லிட். ஆய்வு. ஆய்வுப் பொருள், பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நீங்கள் இலக்கியத் தாளில் மனப்பாடம் செய்கிறீர்களே, அந்த ஐந்திணையை அவர் எடுத்துக்கொண்டார். தமிழ் மட்டும் படித்தவர்கள் அதை உள்ளிருந்து விளக்கினார்கள். இவருக்குக் கிரேக்க, இலத்தீன் பாடல்களில் மலையும் கடலும் எப்படி வருகின்றன என்பதும் தெரியும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். நிலத்தையும் பொழுதையும் மனித உணர்ச்சியோடு இப்படி முறையாகப் பிணைத்து ஓர் இலக்கியக் கோட்பாடாகவே வளர்த்த தனித்தன்மையை உலகறிந்த ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். அந்த ஆய்வு 1950-களின் தொடக்கத்தில் நூலாக வந்தது. பிறகு 1966-இல் நிலத்தோற்றமும் கவிதையும் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் மீண்டும் வெளிவந்தது. இன்றும் ஐந்திணை பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அதைத் தேடி எடுக்கிறார்கள்.

உரோமில் படித்தது வீண் என்று அவர் தூக்கிப் போட்டிருந்தால் இந்த நூல் வந்திருக்காது. உரோமோடு நின்றிருந்தாலும் வந்திருக்காது. இடைவெளி எடுப்பதென்றால் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கியல் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பையன் இடையில் நின்று பறை கற்றுக்கொள்கிறான் என்று வையுங்கள். அவன் கணக்கியலை வெறுக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

1949-க்குப் பிறகு அவர் வாழ்க்கை வேகம் பிடித்தது. தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் அமைத்தார். கிழக்கு நாடுகள், வட அமெரிக்கா, தென் அமெரிக்கா என்று பயணம் செய்து தமிழைப் பற்றிப் பேசினார். அந்தப் பயணங்களின் பயனாக வந்தவைதாம் தமிழ்த் தூது, ஒன்றே உலகம் ஆகிய நூல்கள். பயணக் கட்டுரை படிக்கப் பிடிக்கும் என்றால் இரண்டாவதைத் தேடிப் பாருங்கள், சலிப்புத் தட்டாது. 1952-இல் தமிழ்ப் பண்பாடு பற்றிய ஆங்கிலக் காலாண்டிதழ் ஒன்றைத் தொடங்கினார். தமிழ் தெரியாத அறிஞர்களும் தமிழாய்வைப் படிக்க அதுவே வாசல். அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார்.

இங்கே இன்னொரு முறையும் நின்றார். 1955-இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய், பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை என்ற பொருளில் மறுபடியும் ஆய்வு மாணவரானார். 1957-இல் இரண்டாவது முனைவர் பட்டம். நாற்பது வயதைத் தாண்டிய விரிவுரையாளர்! கற்பிக்கும் துறைக்கும் தாம் நேசித்த இலக்கியத்துக்கும் நடுவே பாலம் போட அந்த இரண்டு ஆண்டுகள் அவருக்குத் தேவைப்பட்டன.

பயணம் போகும் இடங்களில் அவர் நூலகங்களைத் தேடிப் போவார். 1950-களில் ஐரோப்பிய நூலகங்களில் தமிழ்ச் சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் துருவிப் பார்த்தார். போர்த்துக்கல் நாட்டுத் தலைநகர் லிஸ்பனில் 1554-இல் அச்சான ஒரு சிறு சமயப் பாடநூல். தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டவை. தமிழ்மொழியில் அச்சேறிய முதல் நூல் அதுதான். அதை நேரில் கண்டு தமிழுலகத்துக்கு எழுதினார். வத்திக்கான் நூலகத்தில் இன்னொரு புதையல்: அந்தாம் தெ புரோவென்சா என்ற இயேசு சபைத் துறவி தொகுத்து, அவர் இறந்தபின் 1679-இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சிடப்பட்ட தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இலத்தீனும் போர்த்துக்கீசியமும் தெரிந்த, பழந்தமிழும் தெரிந்த ஒருவர் அந்த அலமாரி முன் நின்றால்தான் அதன் அருமை புரியும். வடக்கன்குளத்திலேயே இருந்துவிட்ட ஒரு துணைத் தலைமையாசிரியருக்கு அது பழைய புத்தகம் ஒன்றாக மட்டுமே தெரிந்திருக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1961-இல் அடிகளார் கோலாலம்பூருக்கு வந்தார், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியராக, துறைத் தலைவராக. பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை, கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி தாண்டி நான்காவது நிலையம். கிள்ளான் பிள்ளைகள் கொமுட்டரில் வந்து மாறலாம். அப்போது எல்.ஆர்.டி.யும் இல்லை, இத்தனை கட்டடங்களும் இல்லை. நாடு சுதந்திரம் பெற்று நான்கே ஆண்டுகள். தோட்டத்துத் தமிழர்களின் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை அப்போதுதான் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

வத்திக்கானில் கண்ட அந்த அகராதியை 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாகவே அப்படியே படியெடுத்து வெளியிட்டார். அம்பலக்காட்டில் அச்சாகி, உரோமில் உறங்கிய நூல் முந்நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் கோலாலம்பூரிலிருந்து மறுபடி உலகுக்குப் போனது. தமிழாய்வு நூல்களுக்கான வழிகாட்டி ஒன்றையும் அதே ஆண்டு அதே பல்கலைக்கழகம் வெளியிட்டது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1964 ஜனவரியில், டெல்லியில் கீழைத்தேயவியல் அறிஞர்களின் அனைத்துலக மாநாடு கூடியது. அங்கே வந்திருந்த தமிழறிஞர்களை ஒன்றுகூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார்கள். அடிகளாரும் வ.அய். சுப்பிரமணியமும் அதற்கு முன்னின்றவர்கள். பிரான்சு நாட்டு ழான் பிலியோசா தலைவர். செக் நாட்டுக் கமில் சுவலபிலும் அடிகளாரும் செயலாளர்கள். சரி, முதல் மாநாட்டை எங்கே நடத்துவது? சென்னை என்று யாரும் நினைப்பார்கள். நடந்தது கோலாலம்பூரில், 1966 ஏப்ரலில். பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடக்கிவைத்தார். தமிழர் சிறுபான்மையாக வாழும் ஒரு நாட்டில், பல நாட்டு அறிஞர்கள் தமிழைப் பற்றி ஒரு வாரம் விவாதித்தார்கள். 1987-லும் 2015-லும் அந்த மாநாடு மீண்டும் இதே நகருக்கு வந்தது.

என் வகுப்பில் இந்தக் கதையை இந்த இடம்வரை சொல்லிவிட்டுப் பெருமிதத்தோடு நிறுத்தினேன் ஒருமுறை. கிள்ளானிலிருந்து வரும் ஒரு மாணவி கையை உயர்த்தினாள். அடிகளாருக்குச் சோறு போட சபை இருந்தது, சார். குடும்பம் கிடையாது, கடன் கிடையாது. என் அப்பா துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறார், எனக்குக் கீழே இரண்டு தம்பிகள், நான் எப்படி நிற்பது என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது.

அவள் கேட்டது முழுக்க உண்மை. அடிகளாரின் நான்கு ஆண்டுகளுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நின்றது. அதை மறைத்துவிட்டு அவருடைய துணிச்சலை மட்டும் பாராட்டுவது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம். வசதியான வீட்டுப் பிள்ளை ஓர் ஆண்டு நின்றால் அதற்கு அழகான பெயர் கிடைக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளை நின்றால் படிப்பை விட்டுவிட்டது என்கிறார்கள். பல வீடுகளில் நின்ற பிள்ளை திரும்பிப் போகாததும் நடந்திருக்கிறது. கையில் மாதச் சம்பளம் வரத் தொடங்கிய பிறகு மறுபடி பாடப் புத்தகத்தைத் திறப்பது எளிதல்ல. அதனால் உபகாரச் சம்பளமோ கல்விக் கடனோ பெற்றவர்கள் ஒத்திப்போட்டால் அது நீடிக்குமா என்று முதலில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

ஆனால் அந்த மாணவியோடு பேசப் பேச வேறொன்றும் தெரிந்தது. எஸ்.பி.எம். எழுதி முடித்ததற்கும் அடுத்த சேர்க்கைக்கும் இடையில் சில மாதங்கள் எப்படியும் கிடைக்கின்றன. பெரும்பாலோர் பேரங்காடியில் வேலைக்குப் போகிறார்கள். அவளும் போனாள், ஐந்து நாள். மிச்சமிருந்த நாள்களில் ஒரு வேலையை எடுத்துக்கொண்டாள். கிள்ளான் வட்டாரத்தில் முன்பு இருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கு நம் மக்கள் வைத்திருந்த தமிழ்ப் பெயர்களைத் தன் பாட்டியிடமும் பாட்டியின் தோழிகளிடமும் கேட்டு எழுதினாள். ஆங்கிலப் பெயர் ஒன்று, நம்மவர் வாயில் வழங்கிய பெயர் வேறொன்று. அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நான்கு மாதத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. இப்போது ஆறாம் படிவத்தில் இருக்கிறாள். அந்த நோட்டு இன்னும் முடியவில்லை என்கிறாள்.

அடிகளாரின் இடைவெளியோடு இதை ஒப்பிடுவது சற்று அதிகப்படி என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரும் குறை ஒன்றைக் கண்டுகொண்ட பிறகுதான் நின்றார்; என்ன கற்க வேண்டும், யாரிடம் கற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனார்; கையில் ஓர் ஆய்வேட்டோடு திரும்பினார். களைப்பாக இருக்கிறது என்று நிற்பதும் உண்டு. அதற்கும் உரிமை இருக்கிறது, உடம்பும் மனமும் இரும்பு அல்ல. ஆனால் அது ஓய்வு. ஓய்வுக்கு இரண்டு வாரம் போதும், ஆறு மாதம் தேவையில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவதுண்டு.

அடிகளார் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். இதற்கிடையே 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் மாநாடும், அவர் இங்கிருந்து விலகிய பின் 1970-இல் பாரிஸில் மூன்றாம் மாநாடும் நடந்தன. ஐரோப்பாவில் சில காலம் வருகைதரு பேராசிரியராக இருந்துவிட்டுச் சொந்த மண்ணான யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார். நான்காம் மாநாடு அங்கே 1974 ஜனவரியில் கூடியது. ஜனவரி 10-ஆம் நாள் இறுதி நிகழ்ச்சியில் காவல்துறையின் நடவடிக்கையால் ஏற்பட்ட குழப்பத்தில் பொதுமக்கள் பலர் உயிரிழந்தார்கள். தமிழை உலக அறிஞர்களின் மேசைக்குக் கொண்டுபோன மனிதரின் சொந்த ஊரில் அப்படி நடந்தது.

1980 செப்டம்பர் 1-ஆம் நாள் அவர் மறைந்தார். வயது 67. அவர் தொடங்கிய காலாண்டிதழின் பழைய தொகுதிகளையும் கோலாலம்பூரில் அச்சான அந்த அகராதியையும் பெரிய நூலகங்களில் இன்றும் பார்க்கலாம். அகராதியைக் கையில் எடுப்பவர்கள், பழைய தமிழ் எழுத்துகளில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பாருங்கள். மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்துப் படிக்கப் பழகவே ஒரு வாரம் ஆகும்.